இடது காலில் ஒரு கொக்கி

இந்தக் காலத்தில் நேராக இருக்கிற எதுவும் யாருக்கும் பிடிப்பதில்லை. முழங்காலில் கிழிந்த கால்சட்டையைக் கடையில் தேடி வாங்குகிறார்கள். போன மாதம் ஒருவர் பட்டறைக்கு வந்து சாப்பாட்டு மேஜை வேண்டும் என்றார். அளவைக் குறித்துக்கொள்ளப் பென்சிலை எடுத்தேன். "ஐயா, புதுசுன்னு தெரியக் கூடாது. அங்கங்க அடிபட்ட மாதிரி, கீறல் விழுந்த மாதிரி இருக்கணும்" என்றார்.

"வீட்ல பிள்ளைங்க இருக்கா?"

"மூணு பேர்."

"அப்ப நான் எதுக்குக் கீறணும்? ஆறு மாசம் பொறுங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கி, அதே பட்டறையில் இருக்கிற என் தம்பியின் வேலை மேஜைக்குப் போய்விட்டார். தம்பி சிரித்துக்கொண்டே ஒரு இரும்புச் சங்கிலியை எடுத்து, புது மேஜையைத் திருடனை அடிப்பதுபோல் அடித்தான். வந்தவருக்கு வாயெல்லாம் பல். போகும்போது என்னைப் பார்த்து, 'பார்த்தீர்களா' என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் பார்க்கத்தான் செய்கிறேன். இதையெல்லாம் அந்தச் சறுக்குவண்டிப் படத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யார் மேல் தப்பு என்று படிக்கிறவர்கள் சொல்லட்டும். சொன்னாலும் நான் கேட்கப் போவதில்லை.

எங்கள் பட்டறை ஒரு நீளமான கொட்டகை. தகரக் கூரை. இரண்டு வேலை மேஜைகள். ஜன்னல் ஓரம் என்னுடையது, வெளிச்சம் அங்கேதான் நேராக விழும். வாசல் ஓரம் தம்பியுடையது. வெளிச்சம் போதாது, ஆனால் போகிறவன் வருகிறவன் எல்லோரோடும் பேசலாம். அவனுக்கு அதுதான் வெளிச்சம். என்னைத் தொழிலில் 'மூலைமட்டம்' என்று கூப்பிடுவார்கள். கோணம் சரியா என்று பார்க்கிற கருவியின் பெயர் அது. நான் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பதால் வைத்த பெயர். என் வீட்டுக்காரி மட்டும், "முன்னால இருக்கற மூலையைச் சொல்றாங்களா, பின்னால இருக்கற மட்டத்தைச் சொல்றாங்களா?" என்று கேட்பாள்.

தம்பிக்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது. அவனைச் 'சின்னவர்' என்பார்கள். பட்டறைக்குள் நுழைகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சின்னவர் இல்லையா?" என்று கேட்பார்கள். நாற்பத்தாறு வருடமாகக் கேட்கிறார்கள். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட அவனோடுதான் அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். தோளில் பை, விரலெல்லாம் மை. கார்ட்டூன் படத்துக்கு வரைகிறவளாம். குளிர்காலத்தில் மலைத் தெருப் பிள்ளைகள் பனியில் சறுக்குவண்டிப் பந்தயம் விடுகிற கதை, குடும்பத்தோடு பார்க்கிற படம் என்றாள்.

"வரையற படத்துக்குத் தச்சு வேலை எதுக்கும்மா?" என்றேன்.

"நிஜ வண்டி எப்படி ஆடுது, எப்படித் திரும்புதுன்னு பாத்தாத்தான் பெரியவரே வரைய வரும். கடையில விக்கற பிளாஸ்டிக் வண்டியில உயிர் இல்ல. உங்க ரெண்டு பேர் கையிலயும் ஆளுக்கொரு வண்டி செஞ்சு குடுங்க. மலைக்கு எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாப்போம். ஒண்ணு கதாநாயகிப் பொண்ணுக்கு. இன்னொண்ணு அவளோட போட்டி போடற பையனுக்கு."

"எது யாருக்கு?"

"அதை மலை சொல்லும்" என்றாள். படித்தவர்கள் இப்படித்தான் பதில் சொல்வார்கள். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னாள். கதாநாயகியின் வண்டியைச் செய்தவர் பெயர், படம் முடியும்போது திரையில் வருமாம்.

அந்த வார்த்தை எனக்குள் ஆணிபோல் இறங்கியது. நான் எத்தனையோ கதவு செய்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் குடியிருக்கிறவன் பெயர்தான் பலகையில் தொங்குகிறது. பால்காரன் பெயரை ஊருக்குத் தெரியும், கதவு செய்தவன் பெயர் யாருக்குத் தெரியும்? அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் பேத்திக்கு அப்போது ஐந்தரை வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம். எழுத்துக் கூட்டப் பழகிய புதிதில் பேருந்தில் ஒட்டிய விளம்பரத்தைக்கூட விடமாட்டாள்.

"திரையில உங்க பேரு வருமா தாத்தா? பெருசாவா?"

"பெருசாத்தான்."

"வந்ததும் நான் சத்தமா வாசிக்கறேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது. இருட்டில், அத்தனை பேர் நடுவில், அந்தக் குழந்தை வாயால் என் பெயர். அது போதும்.

எங்கள் ஊரில் பனி விழாது. மூன்று மணி நேரம் மலை ஏறினால்தான் பார்க்கலாம். ஆனாலும் மரம் தெரிந்தவனுக்குச் சறுக்குவண்டி பெரிய வித்தையில்லை. மேலே உட்கார நாலு பலகை. அடியில் பனியைத் தொடுகிற இரண்டு நீளக் கட்டைகள். அதற்குக் கால் என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். முன்பக்கம் மேல்நோக்கி வளைய, ஆவியில் வேகவைத்து வளைக்க வேண்டும். ஒவ்வொரு காலும் நாற்பது அங்குலம்.

இங்கே எங்கள் டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையில் இருக்கிற நல்ல டேப்புக்கு முதல் அங்குலம் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்னால் ரம்பத்தில் மாட்டி அறுந்துபோனது. இப்போது ஒன்றில்தான் ஆரம்பிக்கிறது. புது டேப் வாங்கலாமே என்று கேட்பார்கள். புது டேப்பெல்லாம் தகரம், ஒரு மாதத்தில் எண் அழிந்துவிடும். இதில் எண் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்க வேண்டும். நாற்பது வெட்ட வேண்டுமென்றால் நாற்பத்தொன்றில் கோடு போட வேண்டும். அதனால் ரம்பத்தைக் கையில் எடுக்கிற யாரைப் பார்த்தாலும் நான் கேட்பேன்: "ஒண்ணு கூட்டினியா?" அது வீட்டுக்கும் பரவிவிட்டது. சோறு வைக்கும்போது வீட்டுக்காரி, "ஒண்ணு கூட்டிட்டேன், பேசாம சாப்பிடுங்க" என்பாள்.

அந்த வாரம் மட்டும் நான் கேட்கவில்லை. போட்டி வேலை. அவனுடைய மேஜைப் பக்கம் திரும்பக் கூடாது என்று இருந்தேன்.

என் வண்டி ஆறு நாளில் முடிந்தது. இணைப்புகளில் ஆணியே கிடையாது, மரத்துக்குள் மரம். தண்ணீரை ஊற்றினாலும் உள்ளே இறங்காது. கால் இரண்டையும் தரையில் வைத்தால் அடியில் ஒரு தாள்கூட நுழையாது. தம்பி ஏழாம் நாள் மதியம்தான் முடித்தான். அதுவும் வாசலில் நின்ற பேப்பர்காரரோடு பேசிக்கொண்டே. முடித்ததும் கை கழுவப் பின்பக்கம் போனான்.

நான் எழுந்து போய் அவன் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பார்க்கத்தான் போனேன், வேறொன்றுமில்லை.

இடது கால் ஓர் அங்குலம் குட்டை. பின்பக்கத்தில். மேலிருந்து பார்த்தால் பலகை மறைத்துவிடும், கவிழ்த்தால்தான் தெரியும். ஒன்று கூட்டாமல் வெட்டியிருக்கிறான். எட்டு வருடமாக நான் தொண்டை வற்றக் கத்தியது அத்தனையும் வீண்.

கை தன்னால் காதுக்குப் போனது. பென்சிலை எடுத்து அந்தக் காலின் வெளிப்பக்கத்தில், நுனிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி போட்டேன். அது என் பழக்கம். தப்பான துண்டில் நான் கொக்கி போட்டால் மறுபடி செய் என்று பொருள். தம்பிக்கு அது அவன் மீசை முளைக்கிறதுக்கு முன்னாலிருந்தே தெரியும்.

போட்ட பிறகுதான் புத்தி வந்தது. இதைச் சொன்னால் அவன் ராத்திரிக்குள் வேறு கால் செய்து மாட்டிவிடுவான். கை வேகம் அவனுக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. சொல்லாவிட்டால் வண்டி மலைக்குப் போய், கோணிக்கொண்டு ஓடி, அந்தப் பெண்ணே திருப்பி அனுப்புவாள்.

கட்டைவிரலால் கொக்கியைத் தேய்த்தேன். மெருகு போடாத மரம், போகவில்லை. கொஞ்சம் சாம்பல் நிறமாகப் பரவியது, அவ்வளவுதான். பின்பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. வண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்துவிட்டேன்.

"எப்படி அண்ணே இருக்கு?" என்றான், கையை உதறிக்கொண்டே.

"இருக்கு" என்றேன்.

அது பொய்யில்லை. வண்டி இருந்தது. கால் சரியா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வேன் வந்தது. படம் வரைகிற பெண் என் வண்டியைத் தடவிப் பார்த்து, "ரொம்பக் கச்சிதம் பெரியவரே" என்றாள். தம்பி வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது. இரண்டு பேரையும் மலைக்குக் கூப்பிட்டாள். "செஞ்சவன் வண்டிக்குப் பின்னாலயே ஓடிட்டிருந்தா பட்டறையை யார் பாக்கறது?" என்றேன். தம்பி அவள் சொல்லி முடிப்பதற்குள் வேனில் ஏறிவிட்டான்.

மூன்றாம் நாள் திரும்பினான். குளிரில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. முகம் மட்டும் விளக்கு வைத்தாற்போல் இருந்தது. வந்ததும் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, என் வண்டி இடது பக்கமே இழுக்குது."

எனக்கு உள்ளே குளுகுளு என்றது. "அப்படியா?" என்றேன்.

"நேரா விட்டாலும் தானா இடது பக்கம் போகுது. போறப்ப பின்னாடி லேசா ஒரு ஆட்டு ஆட்டுது, குட்டி நாய் வாலாட்டற மாதிரி. ஏறின பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. விழுந்துட்டு மறுபடி ஏறுதுங்க. அந்தப் பொண்ணு பனியில படுத்துக்கிட்டே வரைஞ்சுது. இதுதான் வேணும், இதுதான் கதாநாயகி வண்டின்னு ஒரே குதி."

நான் இழைப்புளியைக் கீழே வைத்தேன்.

"என்னோடது?"

"உன்னோடது அம்பு மாதிரி போகுது அண்ணே. விட்ட இடத்துல இருந்து ஒரே கோடு. அதான் அதை..." டம்ளருக்குள் பார்த்தான். "அந்தப் போட்டி போடற பையனுக்கு வச்சிருக்காங்க. பணக்காரப் பையன். கொஞ்சம் கெட்டவன்."

இழைப்புளி வாயில் அடைத்திருந்த சீவலைக் குத்தி எடுத்தேன்.

"ஏன் இழுக்குதுன்னு கவுத்துப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்" என்றான்.  டம்ளரைக் கழுவப் போய்விட்டான்.

வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். "மலைக்குப் போய்ட்டு வந்தது உங்க தம்பி. காய்ச்சல் மட்டும் உங்களுக்கா?" என்றாள் வீட்டுக்காரி. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து, "வயிறு எரிஞ்சா எழுந்து ரெண்டு டம்ளர் தண்ணி குடிங்க. படுத்தா எரிச்சல் மேல ஏறும்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். எதுவும் தெரியாத மாதிரி இருக்கத்தான் தெரியாது.

படம் வர ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் பட்டறைக்கு வருகிறவன் எல்லாம், "சின்னவர் வண்டி சினிமாவுல நடிக்குதாமே" என்பான். நடிக்கிறதாம். கட்டை நடிக்கிறது. நான் நாலு பலகையை இழைத்து முடிப்பதற்குள் அவன் நாலு தடவை அந்த மலைக் கதையைச் சொல்லி முடிப்பான். குட்டி நாய் வால் என்கிற இடம் வரும்போது இடுப்பை வேறு ஆட்டிக் காட்டுவான். வாலு அதைப் பார்ப்பதற்கென்றே பட்டறைக்கு வருவாள். வந்தால் ஜன்னல் ஓரம் வரமாட்டாள், வாசலோடு நின்றுவிடுவாள். "சின்னத் தாத்தா, இன்னொரு தடவ" என்பாள். என்னிடம் வந்து, "தாத்தா, உங்க வண்டி ஏன் கெட்ட வண்டி ஆச்சு?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"வண்டியில கெட்டது ஏது? ஓட்டறவன் கெட்டவன்."

"அப்ப அவன்கிட்ட ஏன் குடுத்தீங்க?"

இந்த வயதில் கேட்க வேண்டிய கேள்வியா இது? யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாதா?

படம் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு வீடே கிளம்பியது. தம்பிதான் சீட்டு எடுத்தான். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். "வராம இருந்தா ஊர் என்ன பேசும்னு யோசிச்சுக்குங்க" என்றாள் வீட்டுக்காரி. யோசித்தேன். போனேன்.

சினிமாக் கொட்டகைக்குள் ஒரே பிள்ளைக் கூட்டம். வரிசையில் முதலில் நான், அடுத்து வீட்டுக்காரி, அதற்கு அடுத்து வாலு, அந்தப் பக்கம் தம்பி. அவள் அவன் பக்கத்துக் கைப்பிடியில்தான் சாய்ந்திருந்தாள்.

படத்தைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். பனியை நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள். கூரையில், வேலியில், துணி காயப் போட்ட கயிற்றின் மேல்கூட ஒரு விரல் கனத்துக்குப் பனி. மேல் தெருப் பிள்ளைகளுக்கும் கீழ்த் தெருப் பிள்ளைகளுக்கும் சண்டை. பந்தயத்தில் ஜெயிக்கிற தெருவுக்குத்தான் அந்தச் சரிவு, குளிர்காலம் முடிகிற வரைக்கும். மேல் தெருப் பையன் ஒருவன், மூக்கு வானத்தைப் பார்த்தபடி. அவன் வண்டிக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். ஆனால் இணைப்பு என்னுடையது. ஆணி இல்லாத இணைப்பு. இரண்டு ஆள் உயரத்துக்குத் திரையில் வந்தது.  பக்கத்தில் இருப்பவர்களை இடித்து, பாருங்கள் என்று சொல்லத் தோன்றியது.

கொட்டகையே "ஊ" என்று ஊளையிட்டது. அந்தப் பையன் வந்தால் ஊளையிட வேண்டும் என்று அதற்குள் பழகிவிட்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக ஊளையிட்டது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. என் ரத்தம்.

அப்புறம் கீழ்த் தெருப் பெண் வந்தாள். ஒட்டுப் போட்ட மேல்சட்டை. மாடிப்படிக்கு அடியில் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய வண்டியைக் கண்டுபிடிக்கிறாள். இழுத்து, கவிழ்த்து, சட்டைக் கையால் தூசியைத் துடைக்கிறாள். படம் இடது காலின் நுனியை நெருங்கி, இன்னும் நெருங்கிப் போகிறது.

அங்கே கொக்கி இருந்தது.

என் கொக்கி. மேலே கொஞ்சம் நீளம், கீழே வளைவு, வளைவுக்குப் பின்னால் சாம்பலாகப் பரவிய தேய்ப்பு. தேய்ப்பைக்கூட விடவில்லை. அந்தப் பெண் கட்டைவிரலை வைத்து அதைத் தேய்க்கிறாள். போகவில்லை. மறுபடி தேய்க்கிறாள். போகவில்லை. பிறகு சிரிக்கிறாள்.

 யாருக்கும் தெரியாது என்று நான் வைத்திருந்த ஒரே ஒரு விஷயத்தை வீட்டுச் சுவர் அளவுக்கு வரைந்து ஊருக்குக் காட்டுகிறார்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டித் தம்பியைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சத்தில் அவன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒவ்வொரு தடவை வண்டியில் ஏறும்போதும் கொக்கியை விரலால் தொட்டாள். இரண்டாம் தடவையே பிள்ளைகள் எல்லாம் தங்கள் உள்ளங்கையில் விரலால் கொக்கி போட ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடி செய் என்று பொருள். யாருக்குத் தெரியும் அங்கே?

கடைசிப் பந்தயம். என் வண்டி முன்னால் போகிறது, கோடு போட்டாற்போல். கடைசி வளைவு இடது பக்கம். பையன் திருப்பப் பார்க்கிறான். என் வண்டி திரும்புமா? நேராகப் போகத்தான் அதைச் செய்தேன். நேராகப் போய் வைக்கோல் போரில் சொருகிக்கொண்டது. பின்னால் வந்த கோணல் வண்டி வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, தானாகவே வளைந்து போய் ஜெயித்தது. கொட்டகை இடிந்துவிடும்போல் கைதட்டல். வீட்டுக்காரிகூடத் தட்டினாள். கேட்டால், கை மரத்துப்போயிற்று, அதான் தட்டினேன் என்றாள்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று குதித்தார்கள். எனக்கு முன்னால் ஒரு ஆள் எழுந்து நின்று, கழற்றி வைத்திருந்த மேல்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். எனக்கு எழுத்து நின்றால்தான் கூட்ட வரும், ஓடினால் வராது. எறும்பு வரிசை மாதிரி மேலே ஏறிப் போனது. தம்பி பெயர் மாதிரி ஒன்று தெரிந்தது. அவன் பெயரில் ஒரு சுழி வரும், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். மற்றதெல்லாம் அந்த ஆளின் சட்டைக் கைக்குப் பின்னால் போய்விட்டது.

வெளியே வரவேற்புக் கூடத்தில் ஒரு மேஜை போட்டு, பிள்ளைகளின் மணிக்கட்டில் கொக்கி முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். வாலு குத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"தாத்தா, இது உங்க கொக்கியாமே. சின்னத் தாத்தா சொன்னாங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். வீட்டுக்காரி கழிப்பறைப் பக்கம் போயிருந்தாள். வேண்டுமென்றே போனாளோ என்னவோ.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றேன்.

"மலையிலயே தெரியும் அண்ணே. ஏன் இழுக்குதுன்னு கவுத்தேன். குட்டைக் காலு. பக்கத்துல உன் கொக்கி."

"ஒண்ணரை வருஷம்."

"ஆமா."

"ஒரு வார்த்தை கேக்கல."

"நீயும் சொல்லல" என்றான். சிரித்த முகம்தான். ஆனால் அவன் முகம் தூங்கும்போதும் அப்படித்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. "படம் வரையற பொண்ணு இது என்ன குறின்னு கேட்டுது. எங்க அண்ணன் முத்திரை, இது விழாம எங்க பட்டறையில இருந்து ஒரு கட்டையும் வெளிய போகாதுன்னு சொன்னேன். அதுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கதையிலயே வச்சிருச்சு."

"நான் ஏன் சொல்லாம விட்டேன்னு நினைக்கற?"

தம்பி வாலுவின் தலையில் கை வைத்தான். "நீ பாத்திருக்க. தப்புன்னு கொக்கியும் போட்டிருக்க. அப்புறம் இதுல ஒரு அழகு இருக்குன்னு தோணியிருக்கும், விட்டுட்ட. உன் கண்ணு யாருக்கு வரும் அண்ணே? நான் பாத்திருந்தேன்னா மாத்தித் தொலைச்சிருப்பேன்."

ஐம்பது வருடமாக மரம் பார்க்கிறேன். பச்சை மரமா காய்ந்த மரமா என்று தட்டிப் பார்த்தே சொல்வேன். இந்த வார்த்தையைத் தட்டிப் பார்த்தேன். புகழ்கிறானா, குத்துகிறானா? சத்தம் இரண்டு விதமாகவும் கேட்டது. ஒன்றரை வருடம் ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்திருந்தவன் சும்மாவா வைத்திருப்பான்? சண்டை போட்டிருந்தாலாவது நம்பியிருப்பேன். என் சட்டையைப் பிடித்து, ஏண்ணே இப்படிச் செஞ்ச என்று கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். இப்படிக் கையில் பூவைக் கொடுத்தால் உள்ளே முள் இருக்கிறதா என்று தேடத்தானே தோன்றும்?

"உங்க பேரு வந்துச்சு தாத்தா" என்றாள் வாலு. "முதல்ல உங்க பேரு, அடுத்தது சின்னத் தாத்தா பேரு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. நான் சத்தமா வாசிச்சேன். கேக்கலையா?"

"கேக்கல."

"ரொம்பச் சத்தமா வாசிச்சேனே."

"ரெண்டு பேரையும் போடணும்னு சொல்லியிருந்தேன்" என்றான் தம்பி. "குட்டைக் காலு எனக்கு, கொக்கி உனக்கு. ஒண்ணு இல்லாம ஒண்ணு இல்லையே."

குழந்தை பொய் சொல்லாது. ஆனால் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும். அவன் இடுப்பை ஆட்டினால் இன்னொரு தடவை என்று கேட்டு நிற்கிறவள்தானே இவள். என் பெயர் முதலில் வந்ததாம். அவன் பெயர் வந்ததை நானே பார்த்தேன், சுழியோடு. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்றால், ஒரு ஆளின் சட்டைக் கை இருந்தது.

"நம்பலைன்னா அடுத்த காட்சி பாத்துட்டுப் போவோம் அண்ணே. மூணு மணிக்கு இருக்கு. கடைசியில உன் கையைப் பிடிச்சுக் காட்டறேன்."

"கையைப் பிடிச்சுக் காட்டற அளவுக்குக் கண்ணு போயிடல" என்றேன். எழுத்து ஓடுகிறது என்பதை அவனிடம் போய்ச் சொல்வேனா?

வாலு என் கையைத் திருப்பி, தன் மணிக்கட்டை அதன்மேல் வைத்து அழுத்தினாள். மை ஈரமாக இருந்தது. என் தோலில் கொக்கி பாதிதான் விழுந்தது. அதுவும் திரும்பி விழுந்தது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.  நான் கதவைப் பார்த்தேன்.

கழிப்பறைப் பக்கமிருந்து வீட்டுக்காரி வருவது தெரிந்தது. வந்தால் இவளும் ஒன்று கூட்டுவாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன். அந்தக் கதவும் ஒரு நூல் அளவு ஒரு பக்கம் இறங்கித்தான் தொங்கியது. அதையும் எவனோ பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

"அண்ணே" என்று பின்னால் தம்பி கூப்பிட்டான். "பஸ்ஸு இடது பக்கம்."

"தெரியும்" என்றேன். திரும்பவில்லை. நேராகவே நடந்தேன்.